முடிவிடமும் விடுதலைப் பொருளும்: கட்டபொம்மன், மருதிருவர், வ.உ.சி. வரலாறுகளும் அவற்றின் திரைவடிவங்களும்

ஆய்வுச் சுருக்கம்

விடுதலைப் போராட்ட வரலாற்றைத் திரைப்படமாக்கும்போது நேரும் மாற்றங்களை ஆராய்வோர், எது உண்மை, எது புனைவு என்ற வினாவையே பெரும்பாலும் முன்வைக்கின்றனர். அவ்வினா தேவையானதே, ஆயினும் போதுமானதன்று. ஒரு வரலாறு திரையில் எவ்விடத்தில் முடிக்கப்படுகிறது என்பது, அதிலுள்ள தனிப் பிழைகளைக் காட்டிலும் ஆழமாக அதன் பொருளைத் தீர்மானிக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'சிவகங்கைச் சீமை' (1959), 'கப்பலோட்டிய தமிழன்' (1961) ஆகிய மூன்று படங்களும் அவை எடுத்துக்கொண்ட வரலாற்று நிகழ்வுகளோடு ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன. கயத்தாற்றுத் தூக்குமரத்தோடு முடியும் கதை 1801ஆம் ஆண்டின் கூட்டுக் கிளர்ச்சியைப் பொது நினைவின் ஓரத்திற்குத் தள்ளியதையும், விடுதலைக்கு உரியவர் யார் என்ற வினாவிற்கு ஒவ்வொரு முடிவிடமும் வெவ்வேறு விடை தருவதையும் கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பாளையக்காரர் கிளர்ச்சி, கட்டபொம்மன், ஊமைத்துரை, மருதிருவர், வ.உ.சிதம்பரனார், வரலாற்றுத் திரைப்படம், முடிவிடம்.

1. முன்னுரை

தமிழகத்தில் வீரபாண்டிய கட்டபொம்மனைப் பற்றி ஒருவர் அறிந்திருப்பது பெரும்பாலும் திரைப்படத்தின் வழியாகவே. பி.ஆர். பந்துலுவின் இயக்கத்தில், பத்மினி பிக்சர்ஸ் வெளியீடாக 1959 மே மாதம் வந்த அப்படம், கட்டபொம்மனின் தோற்றம், நடை, குரல் ஆகியவற்றைச் சிவாஜி கணேசனின் உருவில் நிலைநிறுத்திவிட்டது. 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பள்ளி மேடைகளில் சிறுவர் பேசும் கட்டபொம்மன் வசனமும் சக்தி டி.கே. கிருஷ்ணசாமி இப்படத்திற்கு எழுதிய உரையாடலே.

இத்தகைய செல்வாக்கு, ஆய்வாளரிடையே இருவேறு எதிர்வினைகளை எழுப்பியுள்ளது. ஒரு சாரார் திரைப்படத்தையே வரலாறாகக் கொள்கின்றனர். மற்றொரு சாரார், படம் ஆவணத்தோடு பொருந்தாமையைக் காட்டி, கட்டபொம்மனின் வரலாற்றுச் சிறப்பையே மறுக்க முற்படுகின்றனர். கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் எனக் கூறித் தமிழ்வாணன் எழுதிய நூல் இரண்டாம் வகைக்குச் சான்று. இவ்விரு நிலைப்பாடுகளும் எதிரெதிரானவையாகத் தோன்றினும், திரைப்படத்தை ஒரு சாட்சியத்தைப் போலக் கருதுவதில் ஒன்றுபடுகின்றன. முன்னவர் அச்சாட்சியத்தை ஏற்கின்றனர், பின்னவர் மறுக்கின்றனர். திரைப்படம் சாட்சியம் அன்று. அது வரலாற்றின் மீது ஒரு காலம் செய்த விளக்கம். அவ்விளக்கத்தின் அமைப்பைக் காண்பதே ஆய்வின் பணி.

2. மூவகைச் சான்றுகள்

கட்டபொம்மன் வரலாற்றிற்கு மூவகைச் சான்றுகள் உள்ளன. முதலாவது, கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களும் படைத்தலைவர்களின் குறிப்புகளும். கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்ட வரலாறு இவற்றில் முதன்மையான பலவற்றைத் தொகுத்துத் தருகிறது. 1801ஆம் ஆண்டுப் போரில் நேரில் பங்குகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் படை அதிகாரி 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளும் இவ்வகையினவே. இரண்டாவது, மக்கள் வழங்கிய கதைப்பாடல்களும் கூத்தும். இவற்றை நா. வானமாமலை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடுகளாகப் பதிப்பித்தார். மூன்றாவது, இவ்விரண்டின் மீதும் எழுந்த இருபதாம் நூற்றாண்டு எழுத்துகள். ம.பொ. சிவஞானத்தின் நூல்களும், கே. இராஜய்யன் 1800-1801ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை முதல் விடுதலைப் போர் எனக் குறித்து 1971இல் வெளியிட்ட ஆய்வும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

ஆவணம் எழுதியவன் வென்றவன். கதைப்பாடல் பாடியவர் தோற்றவரின் உறவினர். எனவே ஆவணம் முழுமையும் மெய், கதைப்பாடல் முழுமையும் புனைவு எனப் பகுத்தல் பொருந்தாது. 'கிளர்ச்சிக்காரன்', 'கொள்ளைக்காரன்' ஆகிய சொற்கள் கம்பெனி ஆவணத்தில் விளக்கச் சொற்கள் அல்ல; தண்டனைக்கு முன்னோடியான சொற்கள். அவ்வாறே, வெள்ளையத்தேவன் - வெள்ளையம்மாள் இணையின் அன்பும் இறப்பும் கதைப்பாடலில் பெறும் பேரிடம், போரின் விலையை மக்கள் எவ்வாறு அளந்தனர் என்பதற்குச் சான்றாகிறது. 1959ஆம் ஆண்டுத் திரைப்படம் இம்மரபிலிருந்தே அவ்விணையை எடுத்துக்கொண்டு, ஜெமினி கணேசன், பத்மினி ஆகியோரின் வழியாகக் காதற்கிளைக்கதையாக விரித்தது. ஆகவே திரைப்படத்தின் 'கற்பனை' எனச் சுட்டப்படும் பகுதிகளுள் சில, திரைப்படத்தார் படைத்தவை அல்ல. நூற்றாண்டுக்கு மேற்பட்ட வாய்மொழி மரபின் தொடர்ச்சி.

3. வரி நிலுவையும் இறையாண்மையும்

படத்தின் புகழ்பெற்ற பகுதி, கட்டபொம்மனுக்கும் ஆட்சியர் ஜாக்சனுக்கும் இடையிலான சந்திப்பு. வரி கேட்கும் உரிமையே அந்நியனுக்கு இல்லை என்பது அவ்வுரையாடலின் சாரம். ஆவணம் காட்டும் நிகழ்வு இதனின் வேறுபட்டது. கட்டபொம்மன் பேஷ்குஷ் என்னும் கப்பத்தை அதற்கு முன் செலுத்தி வந்தவர். பிணக்கு நிலுவை குறித்தது. 1798இல் ஜாக்சன் அவரைத் தம்மை வந்து காணுமாறு ஆணையிட்டு, குற்றாலம், திருவில்லிபுத்தூர் முதலிய ஊர்களில் காண மறுத்து, அலைக்கழித்து, இறுதியில் செப்டம்பர் மாதம் இராமநாதபுரத்தில் சந்தித்தார். கணக்குப் பார்த்தபோது நிலுவையின் பெரும்பகுதி செலுத்தப்பட்டு, 1,080 பகோடா மட்டுமே எஞ்சியிருந்தது தெரியவந்தது. பாளையக்காரர் நெடுநேரம் நிற்கவைக்கப்பட்டார். அவரைச் சிறைப்பிடிக்க முயன்றபோது கோட்டை வாயிலில் கைகலப்பு மூண்டது; கம்பெனி அதிகாரி கிளார்க் கொல்லப்பட்டார்; தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

இதன் பின் நிகழ்ந்தது திரைக்கதையின் ஓட்டத்திற்கு ஒத்துவராதது; ஆனால் வரலாற்றில் முதன்மையானது. கட்டபொம்மன் சென்னை அரசிடம் முறையிட்டார். அரசு அமைத்த விசாரணைக் குழு ஜாக்சனின் செயலில் தவறு கண்டது; அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்; லூஷிங்டன் ஆட்சியராக வந்தார். அதாவது 1798ஆம் ஆண்டின் முடிவில் கம்பெனியின் சொந்த விசாரணையே பாளையக்காரரின் பக்கம் ஓரளவு நியாயம் இருந்ததை ஒப்புக்கொண்டது. ஓராண்டு கழியுமுன் அதே அரசு அவரைத் தூக்கிலிட்டது. இடையில் மாறியது நியாயமன்று; சூழல். மருதிருவரும் திண்டுக்கல் கோபால நாயக்கரும் உள்ளிட்டோர் அமைத்த கூட்டணியோடு பாஞ்சாலங்குறிச்சி நெருங்கியது. 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் இறந்ததும், கம்பெனியின் படைகள் தெற்கே திரும்பும் வாய்ப்புப் பெற்றன. மேஜர் பானர்மேன் தலைமையில் படை 1799 செப்டம்பர் 5 அன்று பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தது.

திரைப்படம் கணக்கு வழக்கை நீக்கி, இறையாண்மை வழக்கை வைத்தது. இதனைத் திரிபு என ஒரே சொல்லில் ஒதுக்குதல் எளிது. ஆனால் வரித் தண்டலில் தொடங்கிய அதிகாரம் நிலத்தின் ஆட்சியில் முடியும் என்பது 1801இல் மெய்யானது. அவ்வாண்டு ஜூலையில் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் கர்நாடகப் பகுதியின் ஆட்சி முழுமையும் கம்பெனியைச் சேர்ந்தது. 1798இல் எந்தப் பாளையக்காரரும் அந்தச் சொற்களில் பேசியிருக்க இயலாத ஒன்றை, முடிவறிந்த பிற்காலம் அவர் வாயில் வைத்துப் பேசியது. காலமுரண் என்ற குற்றம் இதில் உண்டு. பொருண்மைப் பிழை என்ற குற்றம் இல்லை. திரைப்படம் இழந்தது வேறொன்று: விண்ணப்பம் எழுதியும், விசாரணைக்கு உட்பட்டும், பொறுத்தும் பார்த்த ஒருவர் படிப்படியாகப் போருக்குத் தள்ளப்பட்ட வரலாறு. பிறவியிலேயே முழுமை பெற்ற வீரன் ஒருவனைக் காட்டும் கதையில் இத்தயக்கங்களுக்கு இடமில்லை.

4. எட்டப்பன் என்னும் பொதுப்பெயர்

படத்தில் வி.கே. ராமசாமி ஏற்ற எட்டப்பன் பாத்திரம் துரோகத்தின் உருவமாக அமைந்தது. 'எட்டப்பன்' என்பது ஒருவரின் இயற்பெயர் அன்று. எட்டயபுரம் பாளையக்காரர் வழிவழியாகத் தாங்கிய பட்டப்பெயர். பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்திற்கும் எல்லைப் பூசல் நெடுங்காலம் இருந்தது. எட்டயபுரத்தார் கம்பெனிக்குத் துணை நின்றதும், தப்பிச் சென்ற கட்டபொம்மனைத் துரத்தியதும் ஆவணத்தால் உறுதிப்படுகின்றன. எனினும் அவரைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். கயத்தாற்றில் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டபோது பல பாளையக்காரர் அங்கே கூட்டி வைக்கப்பட்டிருந்தனர், எவரும் தடுக்கவில்லை.

பல அரசுகளின் கணக்குகள், அச்சங்கள், பழம்பகைகள் ஆகியவை சேர்ந்து உண்டாக்கிய தோல்வியை ஒரே பெயர் தாங்கிக்கொண்டது. இதன் விளைவு இன்றும் நிலைக்கிறது. பாரதி 1882இல் பிறந்த ஊரின் பழைய ஆட்சியாளர் பட்டம், தமிழில் இன்று வசைச்சொல். துரோகத்தைத் தனியொருவரின் குணக்கேடாகக் காட்டும் கதை, அதனைச் சாத்தியமாக்கிய அமைப்பைக் காணவிடாமல் செய்கிறது. பாளையங்களைத் தனித்தனியே வரிக்கணக்கால் கட்டுப்படுத்தி, ஒன்றன் நிலத்தைப் பறித்து மற்றொன்றுக்குப் பரிசாக்கும் முறையே கம்பெனியின் வலிமை. அம்முறைக்குத் திரையில் உருவம் இல்லை, எட்டப்பனுக்கு உண்டு.

5. கயத்தாறு

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். திரைப்படமும் அங்கேயே தன் உச்சத்தை அடைந்து முடிகிறது. விசாரணை மன்றில் அஞ்சாமல் நின்ற தோற்றம் படத்தின் மிகை எனக் கருதுவோர் உண்டு. ஆனால் தூக்கிலிட ஆணையிட்ட பானர்மேன் மறுநாள் அரசுக்கு எழுதிய கடிதம் ஏறத்தாழ அதே தோற்றத்தைப் பதிவு செய்கிறது. விசாரணை முழுவதும் அவர் கலங்காதும் செருக்கோடும் நின்றதையும், தம்மைப் பிடிக்க முனைந்த எட்டயபுரத்தாரை இகழ்ச்சியோடு நோக்கியதையும், உறுதியான நடையோடு தூக்குமரத்திற்குச் சென்றதையும் பகைவனின் கையே எழுதியது. இவ்விடத்தில் திரைப்படம் ஆவணத்திற்கு மிக அருகில் நிற்கிறது.

அதே கடிதத்தில் வேறு இரண்டு செய்திகளும் உள்ளன. தூக்குமரத்திற்குச் செல்லும் வழியில் அவர் தம் வாய்பேசாத தம்பியைக் குறித்து மட்டுமே கவலை தெரிவித்தாராம். மரத்தடியை அடைந்தபோது, கோட்டையை விட்டு வெளியேறியதற்கு வருந்தி, அதனைக் காத்து நின்று மாண்டிருக்கலாம் என்றாராம். பானர்மேன் தாம் கேள்வியுற்றதாகவே இவற்றைக் குறிக்கிறார்.

இச்செய்திகள் ஆய்விற்கு இன்றியமையாதவை. வெற்றி முழக்கத்தோடு இறக்கும் வீரனுக்கு மாறாக, தாம் செய்த ஒரு முடிவை மறுபரிசீலனை செய்யும் மனிதர் ஒருவரை அவை காட்டுகின்றன. அதனினும் முதன்மையானது, அவரது இறுதிக் கவலை தமக்குப் பின் வாழ இருப்பவரை நோக்கியது என்பது. ஆவணத்தின்படி கட்டபொம்மனின் கதை கயத்தாற்றில் மூடப்படவில்லை; தம்பியை நோக்கித் திறக்கப்படுகிறது. திரைப்படத்தின் முடிவிடம் அத்திறப்பை மூடுகிறது.

6. முடிவிற்குப் பின்: 1801

ஊமைத்துரை எனப்படும் அத்தம்பி பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். 1801 பிப்ரவரி 2 அன்று அவரும் உடனிருந்தோரும் சிறையிலிருந்து தப்பினர். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் மீண்டும் எழுந்தது. மெக்காலே தலைமையில் சென்ற படை அதனைக் கண்டு திகைத்துப் பின்வாங்கியது. மார்ச் இறுதியில் கம்பெனி தொடுத்த தாக்குதல் பெருஞ்சேதத்தோடு முறியடிக்கப்பட்டது. அக்னியூவின் தலைமையில் கூடுதல் படை வந்த பின்னரே, மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது.

எதிரணியில் நின்ற வெல்ஷ், தாம் அறிந்த மனிதருள் மிக வியக்கத்தக்கவராக ஊமைத்துரையைக் குறிக்கிறார். வாய்பேசாத அவரது சைகை மக்களுக்குத் தெய்வ வாக்காக இருந்தது என்பது அவர் கூற்று. கோட்டை வீழ்ந்த அன்றைய நிகழ்வு ஒன்றையும் வெல்ஷ் பதிவு செய்கிறார். போர்க்களத்தில் தன் மகனைத் தேடிவந்த ஒரு தாய், அவன் குற்றுயிராகக் கிடக்கக் கண்டாள். தன்னை விட்டுவிட்டு, அருகில் காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையைக் காக்குமாறு மகன் வேண்டினான். அப்பெண்டிர் அவரைத் தூக்கிச் சென்று தம் வீட்டில் கிடத்தினர். தேடிவந்த எட்டயபுரத்தாரிடம், பெரியம்மை கண்டு இறந்த உடல் எனச் சொல்லி அழுதனர்; நோய்க்கு அஞ்சி அவர்கள் அகன்றனர்.

பெயர் பதிவாகாத இத்தாயின் செயல், 1801ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் இயல்பை உணர்த்தப் போதுமானது. தலைவனை இழந்த பின்னும் ஒரு கிளர்ச்சி தொடர்கிறது எனில், அது தலைவனுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதே பொருள். மகனை விட்டுத் தலைவனைச் சுமந்த அத்தாயைக் குடிமக்களின் கண்மூடித்தனமான அரசப்பற்றுக்குச் சான்றாகவும் ஒருவர் வாசிக்கலாம். ஆனால் அந்நாளில் ஊமைத்துரையிடம் அரியணையோ கோட்டையோ பரிசளிக்கப் பொருளோ எஞ்சியிருக்கவில்லை. அவரைக் காத்தது போரைத் தொடர்வதற்கான முடிவு.

அம்முடிவு பயன் தந்தது. ஊமைத்துரை சிறுவயலுக்குச் சென்று மருதிருவரோடு இணைந்தார். 1801 ஜூனில் திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கத்திலும் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. அது சிவகங்கைச் சீமையை மட்டும் விளிக்கவில்லை. சம்புத் தீவில் வாழும் எல்லாச் சாதியாரையும் சமயத்தாரையும் விளித்தது. கம்பெனியிடம் ஊழியம் செய்த சிப்பாய்களையும் அழைத்தது. பாளைய எல்லையைக் கடந்த அரசியல் மொழி ஒன்று இங்கே எழுத்துவடிவம் பெற்றது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16 அன்று ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

7. 'சிவகங்கைச் சீமை': தொடர்ச்சியின் திரைவடிவம்

இத்தொடர்ச்சியைத் தமிழ்த் திரையுலகம் அறியாமல் இருக்கவில்லை. கண்ணதாசன் தயாரித்து, கே. சங்கர் இயக்கி, எஸ்.எஸ். இராஜேந்திரன் நடித்த 'சிவகங்கைச் சீமை' மருதிருவரின் எதிர்ப்பையும் வீழ்ச்சியையும் கதைப்பொருளாகக் கொண்டது. கட்டபொம்மன் படம் வெளியான அதே 1959 மே மாதத்திலேயே இதுவும் வெளியானது. வரலாற்று வரிசைப்படி, முதற்படம் முடியும் இடத்திற்குப் பின்னர் நிகழ்ந்ததை இரண்டாம் படம் எடுத்துக்கொண்டது. ஆனால் மக்கள் இவற்றைத் தொடர்கதையாகக் காணவில்லை. போட்டிப் படங்களாகவே கண்டனர். வண்ணப்படமாகவும், மேடையில் முன்பே செல்வாக்குப் பெற்ற நாடகத்தின் வடிவமாகவும் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பெருவெற்றி பெற்றது. கறுப்பு வெள்ளையில் வந்த 'சிவகங்கைச் சீமை' வணிகத்தில் அவ்வெற்றியை அடையவில்லை.

இவ்வேறுபாட்டை வணிகக் காரணங்களால் மட்டும் விளக்குதல் இயலுமா என்பது எண்ணத்தக்கது. ஒரு தலைவன், ஒரு பகைவன், ஒரு துரோகி, ஒரு தூக்குமரம் என்னும் அமைப்பு எளிதில் மனங்கொள்ளத்தக்கது. இரு சகோதரர், அடைக்கலம் புகுந்த மூன்றாமவர், பல பாளையங்களின் கூட்டணி, ஓர் எழுத்து அறிக்கை என விரியும் கதைக்கு அவ்வெளிமை இல்லை. மேலும், கட்டபொம்மன் நாடகத்தைச் சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றிய 1957ஆம் ஆண்டு, 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியின் நூற்றாண்டு. இந்திய விடுதலைப் போர் வடக்கில் தொடங்கியது என்ற கருத்திற்கு மறுமொழியாகத் தெற்கு முன்வைக்க வேண்டியிருந்தது ஒரு காலமும் ஒரு பெயருமே. 1799 என்னும் ஆண்டும் கட்டபொம்மன் என்னும் பெயரும் அத்தேவையை நிறைவு செய்தன. முதன்மையை நிறுவும் அத்தேவையில், தொடர்ச்சியை விளக்கும் தேவை பின்தங்கியது எனக் கருத இடமுண்டு.

8. 'கப்பலோட்டிய தமிழன்': உச்சத்தைக் கடந்த முடிவு

ம.பொ.சி.யின் நூலை அடிப்படையாகக் கொண்டு அதே இயக்குநரும் அதே நடிகரும் இரண்டாண்டுகளுக்குப் பின் அளித்த 'கப்பலோட்டிய தமிழன்' வேறொரு முடிவிடத்தைத் தேர்ந்தெடுத்தது. வ.உ.சிதம்பரனார் பிறந்த ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சிக்கு அண்மையில் உள்ள ஊர். ஆனால் அவர் நடத்திய போர் கோட்டைப் போர் அன்று. 1906 அக்டோபர் 16 அன்று பதிவு செய்யப்பட்ட சுதேசி நாவாய்ச் சங்கம், ரூபாய் 25 மதிப்புள்ள 40,000 பங்குகளால் 10 இலட்சம் ரூபாய் முதல் திரட்டத் திட்டமிட்டது. பங்கு வாங்கிய வணிகர் முதல் சுதேசிக் கப்பலில் பயணம் செய்தோர் வரை பலரது சிறுசிறு முடிவுகளின் தொகுப்பே அந்நிறுவனம்.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர்; வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். ஊதிய உயர்வு பெற்று அது வென்றது. மார்ச் 12 அன்று தலைவர்கள் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் எழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரு குற்றங்களுக்குமாக 40 ஆண்டுத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது பின்னர் குறைக்கப்பட்டது. 1908ஆம் ஆண்டு எழுச்சியைத் தலைவரின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து பிரித்து, மக்கள் நிகழ்வாக ஆராய்ந்த ஆ.இரா. வேங்கடாசலபதியின் நூல் 2024ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றமை, ஆய்வுலகின் நோக்கு எத்திசையில் நகர்ந்துள்ளது என்பதைக் காட்டும்.

வீரக்கதையின் இலக்கணப்படி, படம் கப்பல் ஓடிய வெற்றியிலோ நீதிமன்றக் காட்சியிலோ முடிந்திருக்கலாம். அவ்வாறு முடியவில்லை. சிறையில் செக்கிழுத்ததையும், விடுதலையாகி வெளிவந்த வ.உ.சி.யை வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லாமையையும், தொழுநோயுற்ற சிவாவையும், அழிந்த நிறுவனத்தையும், வறுமையையும் கடந்து, விடுதலையைக் காணாமலே அவர் இறப்பது வரை அது செல்கிறது. வ.உ.சி. விடுதலையானது 1912 டிசம்பரில். மறைந்தது 1936 நவம்பர் 18 அன்று. இடைப்பட்ட இருபத்து நான்கு ஆண்டுகளைத் திரையில் காட்டத் துணிந்ததே இப்படத்தின் தனித்தன்மை. முதற்படத்தில் பகைவன் வீரனைக் கொல்கிறான். இப்படத்தில் சொந்தச் சமூகம் வீரனை மறக்கிறது. முன்னது காண்போரைப் பெருமிதம் கொள்ளச் செய்கிறது. பின்னது காண்போரையும் வினாவிற்கு உட்படுத்துகிறது. தமிழில் சிறந்த படத்திற்கான தேசிய விருது பெற்ற இது, கட்டபொம்மன் படத்திற்கு இணையான வணிக வெற்றி பெறாமை வியப்பிற்குரியதன்று.

எனினும் இப்படமும் வீரக்கதை அமைப்பிலிருந்து முற்றிலும் விலகவில்லை. மாடசாமி என்னும் போராளிக்குக் காதற்கதை அமைந்தது, வெள்ளையத்தேவன் பாத்திரத்திற்கு அமைந்ததை ஒத்தது; இரண்டையும் ஏற்றவர் ஜெமினி கணேசனே. கதையின் அச்சு வ.உ.சி.யின் வாழ்க்கையாக இருப்பதால், ஆலைத் தொழிலாளரும் திருநெல்வேலியில் மாண்டோரும் அவ்வாழ்க்கையின் சூழலாகவே அமைகின்றனர்.

9. முடிவிடம் ஓர் ஆய்வுக்கருவியாக

மூன்று மணி நேரப் படம் எங்கேனும் முடிந்தே ஆகவேண்டும் என்பது இக்கருத்திற்கு எழக்கூடிய தடை. அது சரியானதே. எந்த முடிவிடமும் ஒன்றை உள்ளடக்கி, மற்றொன்றை விலக்கும். ஆகவே முடிவிடத்தைப் பிழையெனக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அது ஒரு தேர்வு; தேர்வு ஆதலின் பொருள் உடையது. வரலாற்றுத் திரைப்படத்தை ஆராய்வோர் மூன்று வினாக்களை எழுப்பலாம். கதை முடிந்த மறுநாள் வரலாற்றில் என்ன நிகழ்ந்தது? முடிவுக் காட்சியில் செயலுக்கு உரியவர் எவர்? அங்கே தோல்விக்குப் பொறுப்பேற்பவர் எவர்?

'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் மறுநாள் விடுபட்டுள்ளது, செயல் தலைவனுடையது, பொறுப்பு எட்டப்பனுடையது. 'சிவகங்கைச் சீமை' எடுத்துக்கொண்ட வரலாற்றில் செயல் பலருக்கு உரியது. ஆனால் அது பொது நினைவில் முதலிடம் பெறவில்லை. 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் மறுநாளே கதையின் இறுதிப்பகுதி; பொறுப்பு, காண்போரையும் சேர்த்த சமூகத்தினுடையது. ஒரே பத்தாண்டின் எல்லையில், ஒரே நிலப்பகுதியைப் பற்றி எழுந்த மூன்று படங்கள் விடுதலை என்பதற்கு மூன்று பொருள் தருகின்றன: அடிபணியாமை, ஒன்றுகூடுதல், நினைவில் வைத்திருத்தல்.

முடிவுரை

1. ஜாக்சன் சந்திப்பில் திரைப்படம் நிலுவைப் பூசலை இறையாண்மைப் பூசலாக மாற்றியது காலமுரண் ஆயினும், பின்வந்த வரலாற்றின் திசைக்கு மாறானதன்று. அதனால் மறைந்தது, போருக்கு முந்திய முறையீடுகளின் வரலாறு.

2. எட்டப்பன் பாத்திரத்தில் துரோகம் முழுவதும் குவிந்தமையால், புதுக்கோட்டையின் பங்கும் கம்பெனியின் பிரித்தாளும் முறையும் பொது நினைவில் மங்கின.

3. தூக்குமேடையில் கட்டபொம்மனின் அஞ்சாமையைப் பகைவனின் கடிதமே உறுதி செய்கிறது. அதே கடிதம் குறிக்கும் தம்பியைப் பற்றிய கவலை, வரலாறு 1801ஐ நோக்கிச் செல்வதைச் சுட்டுகிறது; திரைப்படத்தின் முடிவிடம் அதனைத் துண்டிக்கிறது.

4. ஒரே இயக்குநரும் நடிகரும் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் உச்சத்தைக் கடந்த முடிவைத் தேர்ந்தமை, வீரக்கதை அமைப்பு திரைப்படத்திற்குத் தவிர்க்க இயலாத விதி அன்று என்பதைக் காட்டுகிறது.

5. வகுப்பறையில் இப்படங்களை ஒன்றோடொன்று இணைத்தும், ஆவணத்தோடும் கதைப்பாடலோடும் ஒப்பிட்டும் கற்பித்தல் பயன்தரும். 1799ஐ மட்டும் அறிந்த மாணவர் ஒரு வீரரை அறிவர். 1801ஐயும் அறிந்தவர், களத்தில் மகனை விட்டு ஊமைத்துரையைச் சுமந்து சென்ற பெயரறியாத தாயையும் அறிவர். விடுதலை வரலாற்றில் அவளுக்குரிய இடத்தை வழங்கும் ஆய்வுகள் மேலும் பெருகுதல் வேண்டும்.